ஷெட்யூல் என்று சொன்னதில் என்ன தவறு?

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். அதில் ஒரு பெண் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் "ஷெட்யூல்" என்றார். உடனே ஒருவர் குறுக்கே வந்து "ஷெட்யூல் இல்லைம்மா, ஸ்கெஜூல்" என்று திருத்த, இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அவர் சொன்னது தவறில்லை. பிரிட்டனில் ஷெட்யூல், அமெரிக்காவில் ஸ்கெஜூல், இரண்டும் அகராதியில் இருக்கின்றன. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லின் தொடக்கத்தில் ஷ-வும் இல்லை, ஸ்க-வும் இல்லை, வெறும் ஸ-தான். பிறகு லத்தீனைப் பார்த்து எழுத்துகளை மாற்றினார்கள். ஸ்க என்று சொல்லச் சொன்னவர் அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர். ஆக, ஒரு நாட்டுப் பழக்கத்தை வைத்து இன்னொரு நாட்டுப் பழக்கத்தைத் தவறு என்றிருக்கிறார் நேற்று குறுக்கே வந்து திருத்தியவர்.

இப்படி இரண்டு விதமாகச் சொல்லப்படும் சொற்கள் இன்னும் உண்டு. ஈதர், ஐதர். டேட்டா, டாட்டா. ரூட், ரவுட். ஆஃபன், ஆஃப்டன். இவற்றில் எதைச் சொன்னாலும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட யாரோ சிலர் அப்படியேதான் சொல்கிறார்கள். 1926-இல் பிபிசி தன் அறிவிப்பாளர்களுக்கு உச்சரிப்பு முடிவு செய்ய ஒரு குழுவே போட்டது. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா மாதிரி ஆட்கள் இருந்த அந்தக் குழுவுக்குள்ளேயே எல்லாச் சொல்லுக்கும் ஒத்த கருத்து வரவில்லை.

"அப்படியானால் வாய்க்கு வந்தபடி பேசலாமா" என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். அழுத்திச் சொல்லவேண்டிய அசை மாறினால் சில சொற்கள் கேட்பவருக்குப் புரியாமலே போகும், அங்கே "என்ன சொன்னீர்கள்" என்று கேட்கலாம். நேற்று யாருக்குப் புரியவில்லை? புரிந்ததால்தானே திருத்த முடிந்தது!

"நல்லதுக்குத்தானே சொன்னோம்" என்பவர்களிடம் எனக்கு வாதாட விருப்பமே இல்லை. நல்லதுக்குச் சொல்கிறவர் பேச்சு முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், ஒன்பதாம் வகுப்பில் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னபோது கடனைக் குறிக்கும் சொல்லை, எழுத்துக்கூட்டி, "டெப்ட்" என்று படித்தேன். ஆசிரியர் என்னை நிற்கவைத்து, "டெட், டெட்" என்று பத்துத் தடவை சொல்லவைத்தார். வகுப்பே சிரித்தது. நான் படித்தது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் "லோன்" என்று மாற்றிச் சொல்லித் தப்பித்தேன். வேலைக்கான நேர்முகத்தில்கூட. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' என்ற எழுத்தே இல்லை, லத்தீன் மூலத்தை நினைவுபடுத்தப் படித்தவர்கள் பின்னால் கொண்டுவந்து சொருகியது அது. அவர்கள் சொருகிய எழுத்தை ஒரு பிள்ளை நம்பிப் படித்ததற்கு அவ்வளவு சிரிப்பு.

அதனால் இப்போது ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், நேற்று அவர் சொன்னது தவறாகவே இருந்திருந்தாலும் சிரித்திருக்கக் கூடாது. ஒரு மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவருக்கு எழுத்துதான் துணை. வீட்டில் யாரும் பேசிக் கேட்காத சொல்லை அவர் எப்படிச் சொல்வார்? எழுதியிருக்கிறபடிதான் சொல்வார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பதிவை மறுபடி போட்டுப் பாருங்கள். திருத்தியதற்கு அப்புறம் அவர் மூன்று இடத்தில் அதே சொல்லைச் சொல்லவேண்டி வந்தது. மூன்று இடத்திலும் ஒரு நொடி நின்று, "டைம்டேபிள்" என்றார்.