கூரைத் தண்ணீர்: ஒரு திருத்தம்

மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவில் ஊழியம் செய்யும் தம்பதியர் கூரையில் விழும் மழைநீரை அப்படியே குடிப்பதாக ஒரு கட்டுரையில் இருக்கிறது. அது ஆபத்து. 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் 1 மில்லிமீட்டர் மழைக்கே கிட்டத்தட்ட 100 லிட்டர் இறங்கும். பறவை எச்சமும் தூசியும் அதில்தான் கரைந்து வரும். அந்த முதல் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் தனிக் குழாயில் வெளியேற்ற வேண்டும்.

குடிக்க எடுப்பதைத் துணியில் வடிகட்டி, வாசனை சேர்க்காத ஜாவெல் (குளோரின் பிளீச் திரவம்; புட்டியில் 5 சதவீதம் என்றிருந்தால்) லிட்டருக்கு 2 சொட்டு கலந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. லேசான குளோரின் வாடை வரவில்லையா? புட்டி பழசாகி வீரியம் போயிருக்கலாம், அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம் இருக்கலாம்.

இன்னொன்று, மொரீஷியஸில் நம் வீட்டுத் தொட்டிகளிலும் ஒரு கவனக்குறைவு உண்டு: மூடியை இறுக்கிவிட்டு, நிரம்பி வழியும் குழாய்க்கு வலை கட்ட மறந்துவிடுகிறோம். கொசு அந்த வழியாகத்தான் போய் முட்டையிடும்.