திரையில் டீச்சர் வந்தால் போதுமா?

வெளியூர் ஆசிரியர் திரையில் வந்துவிட்டால் உள்ளூர் ஆசிரியரே தேவையில்லை என்பதுபோல், வீடியோ வழியாக மொழி சொல்லித்தருவது பற்றிய உங்கள் கட்டுரையை முடித்திருக்கிறீர்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. உருகுவே நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சொல்லித்தர ஆள் போதாமல் 2012-இல் பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து 'செய்பல் என் இங்லெஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அரசுப் பள்ளிகளில் 4 முதல் 6-ஆம் வகுப்பு வரை, வாரம் ஒரு பாடம் பெரிய திரையில். நடத்துபவர் உருகுவேயிலேயோ, அர்ஜென்டினாவிலோ, பிலிப்பைன்ஸிலோகூட உட்கார்ந்திருப்பார். மீதி இரண்டு பாடங்களை வகுப்பு டீச்சர்தான் எடுக்கிறார், அவருக்கே ஆங்கிலம் அரைகுறை என்றாலும் பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொள்கிறார், அடுத்த பாடத்தில் என்ன செய்வது என்று திரை டீச்சரும் வகுப்பு டீச்சரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் பேனாவை உருட்டிக்கொண்டிருப்பது கேமராவுக்கு எங்கே தெரியப்போகிறது, பக்கத்தில் நிற்கிறவருக்குத்தானே தெரியும்! கொரோனா சமயத்தில் என் மகனின் ஆன்லைன் வகுப்பில் நாற்பது கட்டங்கள், அத்தனையும் மியூட். வாயே திறக்காமல் எந்த மொழி வரும்? அப்புறம் இன்னொன்று, பள்ளிகள் கேமராவுக்குக் கொட்டும் காசில் கொஞ்சம் நல்ல மைக்குக்கும் ஒதுக்கட்டும். சத்தம் கரகரத்தால் உச்சரிப்புப் பயிற்சி மொத்தமும் வீண்.