டோக்காமாக் வெடித்து ஊர் அழியுமா?

காசிமேட்டு டீக்கடையில் ஒருவர் போனை நீட்டினார். "இணைவு உலையில் பிளாஸ்மா நிலைகுலைந்தால் ஹைட்ரஜன் குண்டு மாதிரி வெடிக்கும்" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. தவறு. டோக்காமாக் என்பது லேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கப் பார்க்கும் ஒருவகை இணைவு உலை; அதற்குள் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும், மின்னூட்டம் பெற்ற அதிவெப்ப வாயுதான் பிளாஸ்மா.

பிளாஸ்மா நிலைகுலைந்தால் அணைந்துதான் போகும். பிரான்சில் கட்டப்படும் பிரம்மாண்ட ஈட்டர் உலையில்கூட ஒரு நேரத்தில் பிளாஸ்மாவாக இருக்கும் எரிபொருள் சில கிராமைத் தாண்டாது. முதலில் காந்தப்புலத்தில் தீவு போன்ற சுழிகள் முளைத்து, பிளாஸ்மாவோடு சுற்றிவரும். ஓயப்போகும் பம்பரம் போல அவை வேகம் குறைந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டால் ஆபத்து நெருங்குகிறது என்று அர்த்தம். சுவரோரக் கம்பிச்சுருள்களில் இது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். அப்புறம் சில மில்லிநொடியில் வெப்பம் வெளியேறிவிடும். பின்னாலேயே பிளாஸ்மாவில் ஓடும் மின்னோட்டமும் செத்துவிடும்.

அதற்காக ஒன்றுமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். உள்சுவர் உருகலாம், தறிகெட்டு ஓடும் எலக்ட்ரான்கள் அதைத் துளைக்கலாம். ரிப்பேர் செலவுதான் பயங்கரம். அதனால்தான் ஈட்டரில் உறையவைத்த நியான், ஹைட்ரஜன் வில்லைகளை நொறுக்கி உள்ளே சுட்டு, வெப்பம் ஒரே இடத்தில் தாக்காமல் பரவலாக வெளியேற ஏற்பாடு செய்கிறார்கள்.

"நம்ம அத்திப்பட்டுலயும் ஒண்ணு இருக்காமே?" என்றார். இல்லண்ணே, அங்கே இருப்பது வடசென்னை அனல்மின் நிலையம், எரிவது நிலக்கரி. இந்தியாவின் ஆதித்யா-யு, எஸ்எஸ்டி-1 டோக்காமாக்குகள் குஜராத்தில், காந்திநகர் அருகே இருக்கின்றன. கல்பாக்கத்தில் நடப்பது அணுப்பிளவு, அது வேறு சங்கதி.