கீத் இல்லாத மேடையில் மிக் ஜாகர்

குழுவில் பாடும் ஒருவர் தனியாக மேடையேறினால் அதைத் துரோகம் என்று சொல்லிவிடுவது எளிது. பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகர் 1988 மார்ச்சில் ஜப்பானில் நடத்திய தனி நிகழ்ச்சிகளை அந்தக் குழுவின் ரசிகர்கள் பலர் இன்றுவரை அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் கோபத்தில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. 1986-இல் குழுவின் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது அதற்காகச் சுற்றுப்பயணம் போக மறுத்தவர் ஜாகர். அவரே இரண்டு ஆண்டுகளில் வேறு இசைக்கலைஞர்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பி, ஸ்டோன்ஸ் பாடல்களையே மேடை நிறையப் பாடினால் யாருக்குத்தான் வலிக்காது?

ஆனால் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1973-இல் டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஸ்டோன்ஸ் பாடுவதாக இருந்தது. ஜாகர் மீது பழைய போதைப்பொருள் வழக்கின் தண்டனை இருந்ததால் ஜப்பான் அரசு அவரை உள்ளே விடவில்லை, நிகழ்ச்சிகள் ரத்தாயின. அன்று இருபது வயதில் ஏமாந்தவருக்கு 1988-இல் முப்பத்தைந்து வயது. திறந்து ஒரு வாரம்கூட ஆகாத டோக்கியோ டோம் அரங்கில் ஜாகர் வந்து நின்றபோது, 'குழுவோடு வராமல் உங்கள் பாட்டைக் கேட்க மாட்டோம்' என்று அவர்கள் எழுந்து போயிருக்க வேண்டுமா? ஒருநாள் பாடகி டினா டர்னரும் வந்து சேர்ந்து பாடினார். பதினைந்து ஆண்டுக் காத்திருப்புக்கு அது தகும்.

அந்த நிகழ்ச்சியின் பழைய ஒளிப்பதிவை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் வேறு. கிட்டாரில் ஜோ சாட்ரியானி, டிரம்ஸில் சைமன் பிலிப்ஸ். தொழில்நுட்பத்தில் இருவரும் அசாத்தியமானவர்கள். ஒரு சுரம் பிசகவில்லை, ஓர் அடி தள்ளி விழவில்லை. ஆனாலும் நெஞ்சு எதையோ தேடுகிறது. கீத் தன் கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, ஐந்தே கம்பிகளை வேறு சுருதியில் கூட்டி வாசிப்பவர். ஸ்டோன்ஸின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸோ இரண்டாவது, நான்காவது அடிகள் விழும்போது ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டில் இருந்து கையைத் தூக்கிவிடுவார். அங்கே ஓர் இடைவெளி விழும், பாட்டு அதில் மூச்சு வாங்கும். டோக்கியோவில் அந்த மூச்சு இல்லை. குழு என்பது என்ன என்று எனக்குப் புரியவைத்தது இந்தத் தனி நிகழ்ச்சிதான். ஸ்டோன்ஸ் கச்சேரிகளை மட்டுமே கேட்டிருந்தால் இது என் காதில் விழுந்தே இருக்காது.

ஜாகர் வெறுங்கையோடு வீடு திரும்பவும் இல்லை. அந்தப் பயணத்தில் பின்குரல் கொடுத்த லிசா ஃபிஷரும் பெர்னார்ட் ஃபவுலரும் 1989-இல் ஸ்டோன்ஸ் மேடைக்கே வந்துவிட்டார்கள். பிற்கால மேடைகளில் 'கிம்மி ஷெல்டர்' பாட்டை லிசா ஜாகருக்கு எதிரே நின்று பாடுவதைப் பார்த்து மெய்சிலிர்த்தவர்கள், அவர் எந்த வழியாக அங்கே வந்தார் என்பதையும் நினைக்க வேண்டும். கீத்தும் அதே 1988-இல் தன் முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார், தனியாகப் பயணமும் போனார். அதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை!

மறு ஆண்டே இருவரும் பார்படோஸில் உட்கார்ந்து பாட்டு எழுதினார்கள். 1990 பிப்ரவரியில் ஸ்டோன்ஸ் முழுக் குழுவாக அதே டோக்கியோ டோமுக்கு வந்து பத்து இரவுகள் வாசித்தது.

இசை என்று பார்த்தால் அந்தப் பத்து இரவுகள்தான் உயர்ந்தவை, சந்தேகமே இல்லை. இருந்தாலும் ஒன்றுக்கு மட்டும் டிக்கெட் கிடைக்கும் என்றால் நான் 1988-ஐத்தான் கேட்பேன். அந்த ஆண்டுக்குப் பிறகு ஜாகர் அப்படி ஒரு தனிச் சுற்றுப்பயணம் போகவே இல்லை. நாற்பத்து நான்கு வயதில், பக்கத்தில் திரும்பினால் கீத் இருக்க மாட்டார் என்று தெரிந்தே அவ்வளவு பெரிய மேடையில் ஓடி வந்த அந்த மனிதரை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.