லிண்டலை நீளமாகப் போட்டால் மட்டும் போதாது

தாங்கு சுவரில் (மேலே உள்ள தளத்தின் பாரத்தைச் சுமக்கும் சுவர்) 3 அடி வாசலை 8 அடி அகலமாக்க, பழைய லிண்டலை (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் பீம்) எடுத்துவிட்டு அதே கனத்தில் நீளமாக ஒன்று போட்டால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி சுத்தியலை எடுக்காதீர்கள்.

சின்னத் திறப்புக்கு மேலே இருக்கும் செங்கல் கட்டு தானே வளைவு போலப் பிடித்துக்கொள்ளும், அதனால் லிண்டல் மேல் ஒரு முக்கோண அளவு சுவரின் எடைதான் இறங்கும். தரையிலிருந்து 7 அடியில் லிண்டல், 10 அடியில் மேல்தளம் என்றால், 3 அடி வாசலுக்கு அந்த முக்கோணம் பெரும்பாலும் தளத்துக்குக் கீழேயே முடிந்துவிடும். 8 அடிக்குப் போனால் தளத்தைத் தொட்டுவிடும், அப்புறம் தளத்தின் பாரமும், மாடி இருந்தால் அதுவும், அந்த பீமின் தலையில்தான். பாரத்தை விடுங்கள், ஒவ்வொரு அடி நீளத்துக்கும் வரும் சீரான பாரம் அப்படியே இருந்து நீளம் மட்டும் 2 மடங்கானாலே பீமை வளைக்கும் திருப்பம் (பெண்டிங் மொமென்ட்) 4 மடங்கு, தொய்வு 16 மடங்கு.

இரும்பு ஐ-பீம் போடலாம், தவறில்லை. ஆனால் அதன் முனைகள் உட்காரும் இடத்தில் கான்கிரீட் கட்டை இல்லாவிட்டால் செங்கல் நொறுங்கும். சுவரில் கை வைக்கும் முன்பே சுவருக்கு இரண்டு பக்கமும் தளத்துக்குக் கீழே ஜாக்கி (தற்காலிக முட்டுக்கால்) நிற்க வேண்டும். கான்கிரீட் பீம் என்றால், ஐஎஸ் 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) படி 6 மீட்டர் நீளத் திறப்பு வரைக்கும் 14 நாளாவது ஜாக்கியைப் பிரிக்கக் கூடாது, மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

பாரம் போய் இறங்கும் ஓரச் சுவர்களையும் அதன் அஸ்திவாரத்தையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்துச் சொல்லட்டும், போட்டோவைப் பார்த்து நாங்கள் யாரும் சொல்ல முடியாது.