அயன்பிரிட்ஜ் பாலத்தைக் கட்டியவர் எந்த டார்பி?

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் பகுதியில் செவர்ன் ஆற்றின் மீதுள்ள அயன்பிரிட்ஜ் என்ற இரும்புப் பாலத்தை, கற்கரியால் (நிலக்கரியைச் சுட்டுப் பெறும் எரிபொருளால்) இரும்பு உருக்கும் முறையைக் கண்டறிந்த ஏபிரகாம் டார்பியே 1779-இல் பற்றவைத்து (வெல்டிங் செய்து) கட்டினார் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதில் இரண்டு பிழைகள் உள்ளன.

1709-இல் கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டிய அந்த டார்பி 1717-இலேயே மறைந்துவிட்டார். பாலத்துக்கான இரும்பை வார்த்து, கட்டுமானச் செலவில் பெரும்பகுதியைத் தாமே சுமந்து பெருங்கடனில் சிக்கியவர், அதே பெயர் கொண்ட அவருடைய பேரன், மூன்றாம் ஏபிரகாம் டார்பி. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பிரிட்சார்டின் பெயர் இத்தகைய பதிவுகளில் வழக்கம்போல் விடுபடுகிறது. அவரோ பாலம் எழுவதற்கு முன்பே 1777-இல் காலமானார்.

பற்றவைப்பு என்பதும் பொருந்தாது. வார்ப்பிரும்பில் இவ்வளவு பெரிய பாலம் அதற்கு முன் கட்டப்பட்டதில்லை என்பதால், ஏறத்தாழ 30 மீட்டர் அகலம் தாண்டும் அந்த வளைவின் துண்டுகளை, துளையில் நாக்கைச் செருகி ஆப்பு அடித்து இறுக்கும் தச்சுவேலை முறையிலேயே பொருத்தினார்கள். அது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் 1795-ஆம் ஆண்டு வெள்ளத்தில் செவர்னின் பிற பாலங்கள் பல சிதைந்தபோதும் இது அசையவில்லை.

1934-இல் பாலம் மூடப்பட்டது என்று இன்னொருவர் எழுதியது வாகனங்களுக்கு மட்டுமே பொருந்தும். நடந்து செல்வோரிடம் 1950 வரை சுங்கம் வாங்கப்பட்டது.