8 கோரா, 24 கோரா? ரைசன் 7800எக்ஸ்3டியையும் ஐ9 14900கேவையும் ஒப்பிடுபவர்களுக்கு

"புது கம்ப்யூட்டர் போடப் போறேன், இன்டெல் ஐ9 14900கே வாங்கவா, ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கவா?" என்று இந்த இரண்டு புராசசர்களை (கம்ப்யூட்டரின் மூளை) வைத்து இன்பாக்ஸில் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான். பலருக்கு இது பிடிப்பதில்லை. எது வேகம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போங்களேன் என்கிறார்கள். அப்படிச் சொன்னால் கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பணம் நஷ்டமாகும். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

இரண்டுமே 2023-இல் வந்தவை. ரைசன் ஏப்ரலில், அறிமுக விலை 449 டாலர். ஐ9 அக்டோபரில், 589 டாலர். கோர் என்பது புராசசருக்குள் வேலை செய்யும் தனி ஆள் மாதிரி. ஐ9-இல் 8 பெரிய கோர், 16 சின்ன கோர், ஆக 24. உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 600 கோடி துடிப்பு. ரைசனில் மொத்தமே 8 கோர், உச்சம் 5 கிகாஹெர்ட்ஸ். கொட்டேஷன் பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போட்டியே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டு வரிசையாகக் கேம்களை ஓட்டிப் பார்த்தால், சராசரியில் இந்த 8 கோர் ரைசன்தான் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபாக்டோரியோ மாதிரி எக்கச்சக்கமான தகவலை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்கும் கேம்களில் எக்ஸ்3டி என்று முடியும் ரைசன்களுக்கு உள்ள பலம் இன்னும் நன்றாகத் தெரியும்.

இதற்குக் காரணம் கேஷ், புராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம். அதன் அடுக்குகளில் பெரியதான எல்3 கேஷ் ரைசனில் 96 எம்பி, ஐ9-இல் 36 எம்பி. கேஷ் என்பது சமையல் மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி, ரேம் என்பது தெருமுனை மளிகைக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். புராசசருக்குத் தேவையான தகவல் எல்3 கேஷிலேயே இருந்தால் சுமார் 10 நானோசெகண்டில் கைக்கு வந்துவிடும். ரேம் வரை போக வேண்டி வந்தால் 70, 80 நானோசெகண்ட் ஆகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு ஒரு துடிப்பு 0.2 நானோசெகண்ட்தான், அப்படியென்றால் ஒரு தடவை ரேமுக்குப் போய் வருவதற்குள் 350 துடிப்பு போய்விடுகிறது. 6 கிகாஹெர்ட்ஸ் கோராக இருந்தால் அதே காத்திருப்பில் 420 துடிப்பு வீண். கோர் எவ்வளவு வேகமாகத் துடித்தாலும் ரேமிலிருந்து வர வேண்டியது அதன் நேரத்துக்குத்தான் வரும். கேம்களில் ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலை, இயக்கம், மோதல் என்று சின்னச் சின்னத் தகவல்கள் சிதறிக் கிடக்கும், அடுத்து எது வேண்டும் என்று முன்கூட்டியே ஊகித்து எடுத்து வைப்பதும் கஷ்டம். பெரிய கேஷ் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வேகத்தை முடிவு செய்யும் பழக்கத்தை நாம் எல்லோரும் விட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

அந்த 96 எம்பியில் 32 எம்பி சிப்பிலேயே இருப்பது. மீதி 64 எம்பியைத் தனி சிலிக்கான் துண்டாகச் செய்து அதன் மேல் அடுக்கியிருக்கிறார்கள். அருமையான பொறியியல் வேலை, ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மேலே ஓர் அடுக்கு வந்துவிட்டதால் வெப்பம் வெளியேறுவது சிரமம், வோல்டேஜையும் அடக்கி வாசிக்க வேண்டும். அதே குடும்பத்து 7700எக்ஸ் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும்போது இது 5-ஓடு நிற்பது அதனால்தான். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷை அடியில் வைத்து, கோர்களை கூலர் பக்கம் கொண்டுவந்து இந்தக் குறையைப் பெருமளவு சரி செய்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். யூடியூபில் புராசசர் ஒப்பீடு வந்தாலே "ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி பெரிய கார்டு வைத்திருப்பவன் 1080பியில் ஏன் விளையாடப் போகிறான், இதெல்லாம் ஏமாற்று டெஸ்ட்" என்று கீழே கமென்ட் போடுகிறார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை. 1080பி, 1440பி, 4கே என்று போகப் போக திரையில் புள்ளிகள் கூடும், கார்டுக்கு வேலையும் கூடும். 4கேவில் கிராபிக்ஸ் கார்டே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், அங்கே எந்தப் புராசசரைப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். புராசசரின் திறனை அளக்க வேண்டுமென்றால் கார்டு தடையாக இல்லாத இடத்தில்தான் அளக்க முடியும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் நடுத்தர கார்டு ஒன்றை வைத்து 1440பியில் விளையாடுபவர் என்றால் இந்த இரண்டு புராசசருக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணில் படப் போவதில்லை. இரண்டையும் விட்டுவிட்டு விலை குறைந்த 6 கோர் ஒன்றைப் போட்டு, மிச்சப் பணத்தை கார்டில் போடுங்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

சராசரி ஃப்ரேம் எண்ணை (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) மட்டும் பார்க்காமல் 1 சதவீத லோ என்று போடுகிறார்களே, மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம், அதையும் பாருங்கள். நொடிக்கு 120 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். நடுவில் ஒரே ஒரு ஃப்ரேம் 50 மில்லிசெகண்ட் எடுத்தால் சராசரி பெரிதாகக் குறையாது, ஆனால் திரை ஒரு தடவை வெட்டி இழுப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, அப்படியானால் ஐ9 தண்டமா? கிடையவே கிடையாது. பிளெண்டரில் 3டி படங்களை ரெண்டர் செய்வது, சினிபெஞ்ச் என்ற வேக டெஸ்ட், பெரிய புரோகிராமை கம்பைல் செய்வது என்று எல்லாக் கோரையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் இடங்களில் ஐ9 ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். அங்கே கேஷ் எவ்வளவு இருந்தாலும் 8 கோரால் 24 கோரை எட்டிப் பிடிக்க முடியாது.

நம் ஊரில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். சோனி ஏ7 4 மாதிரி கேமராக்களில் ஹெச்.265 10 பிட் 4:2:2 என்ற, நிறத் தகவல் அதிகமுள்ள வீடியோ வடிவத்தில் எடுக்கிறீர்கள் அல்லவா, அந்த ஃபைலைத் திறந்து காட்ட இன்டெல் புராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸில் தனியாக வசதி உண்டு, குவிக் சிங்க் என்பார்கள். ரைசன் 7800எக்ஸ்3டியில் அது இல்லை. என்விடியாவின் 40 வரிசைக் கார்டுகளிலும் இந்த 4:2:2-க்கு ஆதரவு கிடையாது, 50 வரிசையில்தான் வந்தது. முகூர்த்தக் காட்சியில் மூன்று கேமரா ஃபைலை ஒன்றின் மேல் ஒன்றாக டைம்லைனில் போட்டு பிரீமியரில் ஓட்டினால், இன்டெல்லில் சீராக ஓடும். 50 வரிசைக் கார்டு இல்லாத ரைசனில் திக்கும், பிராக்சி, அதாவது எடிட்டுக்கு என்று தனியாக லேசான நகல் ஃபைல், செய்ய வேண்டி வரும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 14900கேஎஃப் என்று இன்னொன்று விற்கிறார்கள், விலை கொஞ்சம் குறைவு. அந்த எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. தெரிந்த எடிட்டர் ஒருவருக்கு, "தனியா கார்டு போடுறீங்களே அண்ணே, அப்புறம் அது எதுக்கு" என்று சொல்லி ஒரு கடையில் கேஎஃப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் பணம் மிச்சம், ஆனால் அவர் ஐ9-ஐத் தேடிப் போனதே அந்த வசதிக்காகத்தான்.

வெப்பத்துக்கு வருவோம். 14900கே முழு வேகத்தில் ஓடும்போது இன்டெல் சொல்லும் கணக்கே 253 வாட். சாதாரண கூலர் போட்டு சினிபெஞ்ச் ஓட்டினால் சில நொடிகளில் 100 டிகிரியைத் தொட்டு, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய லிக்விட் கூலர் கட்டாயம், அந்தச் செலவையும் புராசசர் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 250 வாட் என்பது நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் மின்சாரம், அவ்வளவும் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்கும். மே மாதம் மதுரையில் ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. கேமில் ஐ9 அவ்வளவு இழுக்காது என்றாலும் நூறு வாட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ரைசன் பெரும்பாலான கேம்களில் 50 முதல் 80 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும், நல்ல ஏர் கூலரே போதும்.

நம்பகத்தன்மையில் இரண்டு பக்கமும் கறை உண்டு. 2023 ஏப்ரலில் சில மதர்போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (புராசசரில் கோர் அல்லாத மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போவது) அதிகமாகக் கொடுத்ததில் எக்ஸ்3டி புராசசர்கள் கருகிய செய்தி வந்தது. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தி மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் கொடுத்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிரச்சினை இதைவிடப் பெரிது. மைக்ரோகோடு, அதாவது புராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல், அதில் இருந்த தவறால் புராசசரே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, நாள்பட நிரந்தரமாகக் கெட்டுப்போனது. கேமைத் திறந்தால் கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று எரர் வரும், ஆட்கள் கார்டைச் சந்தேகப்பட்டு அலைவார்கள், கோளாறு புராசசரில் இருக்கும். இதைத் தடுக்க 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு பயாஸ் அப்டேட்டாக வந்தது, அடுத்த மாதம் 0எக்ஸ்12பி. பெட்டியோடு விற்ற புராசசர்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் கூட்டி ஐந்து வருடமாக்கினார்கள்.

ஆகவே என் பதில் இது: கேம்தான் முக்கியம், கார்டும் பெரிது என்றால் ரைசன். அதன் ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் புராசசர் உட்காரும் இடம்) 9000 வரிசையும் உட்காரும், நாளைக்குப் புராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ரெண்டரும் எடிட்டிங்கும்தான் சோறு போடுகிறது என்றால் ஐ9, எஃப் இல்லாத 14900கே, நல்ல கூலரோடு.

ஏற்கெனவே 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இந்த வாரமே உங்கள் மதர்போர்டு தளத்துக்குப் போய்க் கடைசி பயாஸைப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்த அப்டேட்டும் சரி செய்யாது, அடிக்கடி கேம் கிராஷ் ஆகிறது என்றால் பில்லைத் தேடி எடுத்து வாரன்டிக்கு எழுதிப் போடுங்கள்.